பெயர் தெரியாத பழைய பேஸ் கிடாரை எதைப் பார்த்து வாங்குவது? (பீவி டீ-40, வான்டேஜ், அலுமினிய நெக் கிரேமர்)

ஸ்கார்பரோ_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். டொரொண்டோவில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். கலியாணம், கோயில் மண்டபம், பிறந்தநாள் எல்லாம் உண்டு. பெரும்பாலும் 80களின் தமிழ்ப் படப்பாட்டுகள்தான். இதுவரை கையில் இருந்தது இரவல் ஃபெண்டர் ஜாஸ் பேஸ். சொந்தக்காரன் இப்போது திரும்பக் கேட்கிறான்.

பழைய பொருள் விளம்பரங்களில் மூன்று கண்ணில் பட்டன. ஒன்று பீவி டீ-40, சாயம் பூசாமல் மரநிறத்திலேயே இருக்கிறது. அடுத்தது தலையில் வான்டேஜ் என்று எழுதிய பேஸ். ஜப்பானில் செய்தது, 80களின் தொடக்கம் என்கிறார் விற்பவர். மூன்றாவது கிரேமர், நெக் (கம்பிகள் ஓடும் நீளக் கழுத்து) அலுமினியம்! மூன்றுமே மெக்சிகோவில் செய்த புது ஃபெண்டர் பேஸின் விலைக்குக் கீழே. இணையத்தில் தேடினால் ஒருவர் புதையல் என்கிறார், அடுத்தவர் விறகு என்கிறார். நேரில் போனால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

கோடம்பாக்கம்_பேஸ்:
மூன்றையும் விட்டுவிட்டு, யாராவது விற்கும் பழைய மெக்சிகோ ஃபெண்டர் ப்ரிசிஷனை வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ப்ரிசிஷன் 1951இல் வந்தது, ஜாஸ் 1960இல். அத்தனை வருடமாக உலகம் முழுக்க அந்த அளவுகளில்தான் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது), பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைப் பிடித்து நிற்பது), பிக்கார்டு எல்லாம் செய்கிறார்கள். எது உடைந்தாலும் அடுத்த நாள் மாற்றிவிடலாம். பெயர் தெரியாத பேஸில், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடிலின் ஒரு திருகு போனாலும் அலைய வேண்டும். பிக்கப் செத்தால் அந்தக் குழியில் உட்காரும் வேறு பிக்கப் கிடைக்காது, மரத்தைக் குடைய வேண்டியதுதான். விற்கப் போனால் வாங்கிய விலையும் வராது. பெயரைப் பார்த்து வாங்குகிறவனை எல்லாரும் கேலி செய்கிறார்கள், ஆனால் பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த வசதிக்குத்தான் போகிறது.

மரத்தூள் (கோவை):
உதிரிப்பாகம் பற்றிக் கோடம்பாக்கத்தார் சொல்வது சரி. ஆனால் தம்பி கேட்டது வேறு. கிடார் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் என் பார்வை எப்போதும் நெக்கில்தான் போய் நிற்கும்.

முதலில் ஆம்ப்பில் செருகாதீர்கள். விற்பவர் செருகிக் கொடுத்தாலும் வால்யூமை மூடிவிட்டு மடியில் வையுங்கள். நான்கு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70–80 கிலோ விசையோடு அந்த நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நாற்பது வருடம் அந்த இழுப்பை அது எப்படித் தாங்கியிருக்கிறது என்பதுதான் பழைய பேஸில் முதல் கேள்வி. பிக்கப், சாயம், பிரிட்ஜ் எல்லாம் அதற்கப்புறம்.

ஈ ஸ்ட்ரிங்கை (தடித்த கம்பி) முதல் ஃப்ரெட்டிலும் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகப்பட்டை), நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவே ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் மெல்லிய சந்து தெரிய வேண்டும். 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை ஃபெண்டர் சொல்லும் கணக்கு, ஒரு விசிட்டிங் கார்டு உள்ளே போகும் அளவு. சந்து பெரிதாக இருந்தால் பயப்பட வேண்டாம், நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை முறுக்கினால் குறையும். ஆனால் அது இன்னும் முறுகுமா என்பதை அங்கேயே பார்த்துவிடுங்கள். விற்பவர் அனுமதியோடு கால் சுற்று திருப்புங்கள். மறை ஏற்கெனவே கடைசிவரை போய் நின்றிருந்தாலோ, சாவி போடும் துளை மழுங்கியிருந்தாலோ, பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

அடுத்து, ஹெட்ஸ்டாக் (தலை) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே போக்கில் போக வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. நடுப்பகுதி நேராக இருந்து, பாடிக்கு மேல் வரும் கடைசி ஃப்ரெட்டுகள் மட்டும் தூக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. ட்ரஸ் ராடுக்கு அந்த இடத்தில் அதிகாரம் கிடையாது. அந்த ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பலகையைச் சீவி, மறுபடி ஃப்ரெட் போட வேண்டும். கனடாவில் அந்தக் கூலி நீங்கள் பேஸுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்காகிவிடும்.

கடைசியாக சாடில்கள். பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங் 2.4 மில்லிமீட்டர், ஜி ஸ்ட்ரிங் (மெல்லிய கம்பி) 2 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். சாடில்களை அடிவரை இறக்கியும் அதைவிட உயரமாகவே நின்றால் நெக் பாடியில் உட்காரும் கோணமே தவறு. போல்ட் போட்ட நெக் என்றால் கழற்றி, குழியில் ஒரு மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். நெக்-த்ரூ (நெக் மரமே பாடி வழியாகக் கடைசிவரை ஓடுவது) என்றால் என்னிடம் கொண்டு வராதீர்கள்.

மாட்சுமோட்டோ_ரசிகன்:
கடைசி வரி நெஞ்சில் குத்துகிறது, மரத்தூள் அண்ணா. என்னிடம் இருப்பது ஏரியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் நெக்-த்ரூ பேஸ்.

தம்பி, வான்டேஜ் பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். 70களிலும் 80களின் தொடக்கத்திலும் ஜப்பானியக் கிடாரின் தலையில் உள்ள பெயரைவிட எந்தத் தொழிற்சாலையில் செய்தார்கள் என்பதே பெரிய விஷயம். நாகானோ மாநிலத்தில் மாட்சுமோட்டோ என்றொரு ஊர். அங்கேதான் மாட்சுமோக்கு தொழிற்சாலை இருந்தது. சிங்கர் தையல் எந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்து வளர்ந்த நிறுவனம், மரவேலையில் கைதேர்ந்தவர்கள். ஏரியா, வெஸ்டோன், வான்டேஜ், எலெக்ட்ரா, வாஷ்பர்ன், 70களின் ஜப்பானிய எபிஃபோன் என்று பல பெயர்களுக்கு அங்கிருந்து கிடார்கள் போயின. 1987இல் மூடிவிட்டார்கள். அதே ஊர்க்காரர்கள்தான் ஃபூஜிஜென்னும். இபனேஸ், க்ரெக்கோ செய்தவர்கள், 1982இலிருந்து ஜப்பான் ஃபெண்டரையும் செய்தார்கள்.

டுரான் டுரான் குழுவின் ஜான் டெய்லர் வாசித்த ஏரியா எஸ்பி-1000 இந்த மாட்சுமோக்கு தயாரிப்புதான். மெட்டாலிகாவின் க்ளிஃப் பர்ட்டனும் பிற்பாடு ஏரியா எஸ்பி வரிசைக்கு வந்தார். அந்த பேஸுக்கு இன்று தனி மவுசு, விலையும் ஏறிவிட்டது. அதே கூரையின் கீழ் செய்த வான்டேஜுக்கு அந்த மவுசு இல்லை. உங்களுக்கு அதுதானே லாபம்?

கோடம்பாக்கம்_பேஸ்:
ஒரே தொழிற்சாலை என்றால் ஒரே தரமா? அந்தத் தொழிற்சாலையே விலைக்கு ஏற்ற மாதிரி மேல்மட்டம், கீழ்மட்டம் என்று செய்திருக்கும். கோர்ட் நிறுவனத்தின் இந்தோனேசியத் தொழிற்சாலையில் ஜி அண்ட் எல் டிரிப்யூட்டும் செய்தார்கள், ஆரம்பநிலை கோர்ட் ஆக்‌ஷனும் செய்தார்கள். இரண்டும் ஒன்றா?

மாட்சுமோட்டோ_ரசிகன்:
ஒன்றல்ல. ஆனால் நெக் குழி எவ்வளவு இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது, ஃப்ரெட் முனை எப்படி, மரம் எத்தனை காய்ந்தது, இதெல்லாம் தொழிற்சாலையின் பழக்கம். மலிவு மாடலில் பிக்கப்பிலும் பிரிட்ஜிலும் காசைக் குறைப்பார்கள், வேலைக்காரர் கை மாறாது. பிக்கப்பை நாம் மாற்றிக்கொள்ளலாம், கையை எங்கே போய் வாங்குவது?

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. வான்டேஜ், வெஸ்டோன் இரண்டு பெயரும் பிற்பாடு கொரியாவுக்குப் போய்விட்டன. பின்பக்கத்தில் ஜப்பானில் செய்தது என்று பொறித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், விற்பவர் வாய்ச்சொல் வேண்டாம்.

நாலுகம்பி_நளினி:
டீ-40க்காகப் பேச ஆளில்லையா? என்னிடம் ஒன்று இருக்கிறது, அதனால் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

1978இல் வந்தது. மிசிசிப்பியில் உள்ள மெரிடியன் என்ற ஊரில், ஹார்ட்லி பீவியும் சிப் டாட் என்ற வடிவமைப்பாளரும் சேர்ந்து செய்தது. மரத்தை எண்கட்டுப்பாட்டு எந்திரத்தில் கடைந்தார்கள். துப்பாக்கிக் கட்டை கடையும் எந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை. அதுவரை கிடார் உலகம் கையால் இழைப்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்திரம் கடைந்ததால் ஒரு டீ-40க்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் குறைவு. பழையது வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி. நெக்கை இரண்டு மேப்பிள் துண்டுகளை ரேகை எதிரெதிராக வருமாறு ஒட்டிச் செய்திருக்கிறார்கள், எளிதில் முறுக்காது. நெக் கோணத்தை மாற்றவும் பின்னால் வழி வைத்திருக்கிறார்கள், தகடு வைக்க வேண்டிய வேலையே இல்லை.

இதன் டோன் குமிழ்தான் வேடிக்கை. முழுக்கத் திறந்தால் அந்த ஹம்பக்கர் (இரண்டு காயில் உள்ள பிக்கப்) சிங்கிள் காயில் போலப் பேசும். ஏழு வரை குறைத்தால் இரண்டாவது காயில் மெல்ல உள்ளே வந்து சேரும். அதற்குக் கீழே போனால்தான் வழக்கமான டோன் குமிழாக மேல்ஸ்தாயியை வெட்டும். தெரியாதவர்கள் குமிழைப் பத்தில் வைத்து ஒரு பாட்டு வாசித்துவிட்டு, சத்தம் மெல்லிசாக இருக்கிறது என்று விற்றுவிடுகிறார்கள். இரண்டு பிக்கப்பில் ஒன்றின் அலைக்கட்டத்தை (ஃபேஸ்) எதிராகத் திருப்ப ஒரு சின்ன சுவிட்சும் உண்டு. அதைப் போட்டால் அடிச்சத்தமே காணாமல் போகும். மேடையில் தவறிக் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே குறை, கனம். பேஸ் என்றால் நான்கு கிலோ பக்கம் இருக்கும். இது ஐந்தைத் தொடும், சிலது தாண்டும்.

கீழ்ஸ்தாயி (ஈரோடு):
மூன்று மணி நேரக் கச்சேரியில் ஐந்து கிலோவா? நளினி அக்கா, உங்கள் தோள் வாழ்க!

கனத்தைவிட அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ராப் போட்டு நின்று இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். நெக் தரையைப் பார்க்கப் போனால் கச்சேரி முழுக்க இடது கை அதைத் தாங்கும் வேலையும் பார்க்க வேண்டும். அப்புறம் எங்கே வேகமாக வாசிப்பது? 80களின் படப்பாட்டில் பேஸ் சும்மா ரூட் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காது, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே தனியாக ஒரு ராகம் போகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலும் கை தாராளமாகப் போக வேண்டும், அங்கே சுருதியும் சுத்தமாக இருக்க வேண்டும். பன்னிரண்டாவதில் ஹார்மோனிக்கையும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் மாறி மாறித் தட்டி ட்யூனரில் பாருங்கள். சாடிலை நகர்த்த இன்னும் இடமிருந்தால் கவலையில்லை.

தேக்கு_மேசை:
மரம் என்ன என்று யாருமே கேட்கவில்லையே? ஆல்டரா, ஆஷா, பாஸ்வுட்டா? ஒட்டுப்பலகையில் செய்த ஜப்பானியப் பழசுகளும் நிறைய வந்திருக்கின்றன. மரம் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

மரத்தூள் (கோவை):
70களின் மலிவு நகல்களில் ஒட்டுப்பலகை உண்டு, சரிதான். நெக் திருகு நன்றாகக் கடிக்கிறதா, பிரிட்ஜ் திருகு ஆடுகிறதா என்று பார்த்தால் போதும். ஆல்டருக்கும் பாஸ்வுட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன் என்று என் கடைக்கு வந்து பந்தயம் கட்டியவர்கள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாலிட் பாடியில் பிக்கப் இருக்கும் இடமும் கம்பியின் வயதும் காதுக்குச் சொல்வதில் கால்வாசிகூடப் பாடி மரம் சொல்லாது என்பது என் கட்சி.

விரல்பலகை மட்டும் கொஞ்சம் வேறு கதை. அந்த ரோஸ்வுட்டில் ஒரு பகுதி நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான். 2017இல் உலக வணிகக் கட்டுப்பாடு வந்ததும் பல நிறுவனங்கள் வேறு மரத்துக்குத் தாவின, 2019 இறுதியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பழைய பேஸில் நல்ல ஈட்டிப்பலகை இருந்தால் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம், அவ்வளவுதான். அதற்காக விலை ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

தேக்கு_மேசை:
கால்வாசிகூட இல்லை என்பதை ஏற்கவே முடியாது. தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

ஸ்கார்பரோ_தம்பி:
கிரேமர் பற்றி யாரும் பேசவில்லையே. படத்தில் பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. தலை இசைக்கவை மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கிறது.

மாட்சுமோட்டோ_ரசிகன்:
பார்க்க அட்டகாசம்தான், மேடையில் படமும் நன்றாக விழும். 1976இல் நியூ ஜெர்சியில் தொடங்கியவர்கள். அலுமினிய நடுப்பகுதி, பின்னால் இரண்டு மரப்பட்டை. விரல்பலகை எபனால், பௌலிங் பந்து செய்யும் வகைப் பொருள். ட்ரஸ் ராடே கிடையாது. வளையாது என்ற நம்பிக்கை. மரத்தூள் அண்ணா சொன்ன பாதிச் சோதனைக்கு இதில் வேலையில்லை, ஆனால் ஏதாவது வளைந்திருந்தால் சரிசெய்ய வழியும் இல்லை.

உங்கள் ஊரில் பெரிய தொல்லை வேறு. அலுமினியம் சூட்டில் எஃகைவிட இரண்டு மடங்கு விரியும். ஜனவரியில் காரிலிருந்து எடுத்து மண்டபத்துக்குள் கொண்டு போனால் முதல் சில பாட்டுகளுக்கு நெக் ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம் என்று சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். தலையும் கனம், கீழ்ஸ்தாயி சொன்ன சோதனையில் தரைக்குப் போகும். 80களின் முதல் பாதியில் அவர்களே மர நெக்குக்கு மாறிவிட்டார்கள். சேகரிப்பவருக்கு நல்ல பொருள், வாரம் வாரம் கலியாணம் வாசிப்பவருக்கு அல்ல.

கோடம்பாக்கம்_பேஸ்:
இதில் முழுச் சம்மதம். குறித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

எலெக்ட்ரானிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 80களின் பேஸுகளில் பாட்டரி போடும் ப்ரீஆம்ப் (பேஸுக்குள்ளேயே இருக்கும் சிறு பெருக்கி) நிறைய. ஏரியா எஸ்பி-1000இலேயே ஆறு நிலைச் சுழல் சுவிட்சோடு ஒன்று உண்டு. அந்த மின்சுற்றுப் பலகை செத்தால் அதே பலகை கிடைப்பது கடினம். வாங்குமுன் பாட்டரிக் குழியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரி இல்லாத பேஸ் என்றால் கரகரப்பு வந்தாலும் குமிழ், ஜாக் மாற்றினால் முடிந்தது. அந்த வகையில் டீ-40 தேவலை.

இன்னொன்று. போகும்போது ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள். நட்டிலிருந்து (தலைப் பக்கம் கம்பிகள் படியும் சின்னப் பட்டை) பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்கினால் ஸ்கேல் நீளம். 864 மில்லிமீட்டர் வந்தால் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் கம்பி போடலாம். பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி 19 மில்லிமீட்டர் என்றால் ஃபெண்டர் அளவு, நாளைக்கு வேறு பிரிட்ஜ் மாற்ற வாய்ப்புண்டு.

கீழ்ஸ்தாயி (ஈரோடு):
ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரை ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டி, அடங்கும் வரை காத்திருந்து கேளுங்கள். ஒன்று மட்டும் சட்டென்று செத்துவிழும். நெக்கின் சொந்த அதிர்வு அந்த ஸ்வரத்தின் பலத்தை உறிஞ்சிவிடுகிறது. புது ஃபெண்டரிலும் இருக்கும், அதனால் இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். எவ்வளவு மோசம் என்பதுதான் கேள்வி.

ஸ்கார்பரோ_தம்பி:
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கிரேமரை எனக்கு முன்பே யாரோ தூக்கிவிட்டார்கள்.

டீ-40: நெக் நேர், ஃப்ரெட் நல்ல நிலை. நளினி அக்கா சொன்ன மாதிரி டோனை ஏழுக்கு இறக்கியதும் சத்தம் தடித்தது, விற்பவரே வியந்தார். பயணப்பெட்டித் தராசில் மாட்டினேன், 4.9 கிலோ. ஸ்ட்ராப்பில் சமநிலை மோசமில்லை, ஆனால் கொஞ்ச நேரத்திலேயே தோள் பேசத் தொடங்கிவிட்டது.

வான்டேஜ்: ஜப்பான் பொறிப்பு இருக்கிறது, போல்ட் நெக், பாட்டரி இல்லை, ஸ்கேல் 864. நெக்கில் சந்து அதிகமாக இருந்தது, கால் சுற்றில் இறங்கியது, மறையில் இன்னும் இடமுண்டு. நெக் குழியில் தாள்கூட நுழையவில்லை. குமிழ் கரகரக்கிறது, சாடில் திருகுகளில் துரு. ஜி ஸ்ட்ரிங் ஆறாவது ஃப்ரெட் மற்றதைவிடச் சீக்கிரம் அடங்குகிறது. இந்தக் குறைகளைச் சொல்லி விலையைக் கொஞ்சம் இறக்கி, அதையே வாங்கிவிட்டேன்.

இரண்டு கேள்வி. அந்த ஆறாவது ஃப்ரெட்டுக்கு ஏதாவது வழி உண்டா? நெக் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் கையைக் கிழிக்கின்றன, இப்போதே அரம் போடலாமா?

நாலுகம்பி_நளினி:
வாழ்த்துகள். டீ-40 விற்பவரின் தொலைபேசி எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எனக்கு இல்லை, ஒரு தோழிக்கு.

மரத்தூள் (கோவை):
ஹெட்ஸ்டாக் நுனியில் ஒரு சின்ன கிளாம்ப்பைக் கவ்வ விட்டு, அதே ஸ்வரத்தைத் தட்டிப் பாருங்கள். தலையின் எடை மாறினால் செத்த இடமும் நகரும். ஆறாவதிலிருந்து இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே போய்விட்டால் உங்கள் காதுக்குத் தெரியாது. எவ்வளவு எடை, எந்த இடம் என்பதை இடம் மாற்றி மாற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் கிளாம்ப்பை எடுத்துவிட்டு அதே எடைக்கு ஒரு பித்தளைத் துண்டைப் பின்னால் பொருத்தலாம்.

ஃப்ரெட் முனை நீட்டுவது, குளிரில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்து மரம் சுருங்குவதால். உலோகம் அப்படியே நிற்கிறது, பலகை உள்ளே போகிறது. பேஸ் கொஞ்ச நாள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பிப்ரவரியில், மரம் மிகவும் காய்ந்திருக்கும்போது அரம் போடுங்கள். அப்போது சமப்படுத்தினால் வருடம் முழுக்கத் தொல்லை இருக்காது. கோடையில் போட்டால் அடுத்த குளிருக்கு மறுபடி நீட்டும். பலகையின் இரு ஓரத்திலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், சாயம் உரியாமல் இருக்கும். துருப்பிடித்த சாடில் திருகை வலுவாகத் திருப்பாதீர்கள், இரவு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் காலையில் திருப்புங்கள்.